திறந்து காட்டுகிற பட்டறை

தியானப் பகுதி: லேவியராகமம் 14:33-48, லூக்கா 10:30-37



இந்த வாரம் உங்களோடு தியானிக்க விரும்புவது, விபத்தில் நொறுங்கிய ஓர் இருசக்கர வாகனத்தைப் பற்றியது. தியானத்துக்கு இது தக்க பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், புதுச்சத்திரத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் குடியிருக்கிற நமக்கு இது அந்நியமான காரியமன்று. முன்பு 7 என்றும் இப்போது 44 என்றும் எண்ணிடப்பட்ட அந்தச் சாலையில் கால்வைக்காமல் நம்மில் பலருக்கு ஒரு நாளும் கழிவதில்லை. கோழிப்பண்ணைக்குச் செல்கிறவரும், லாரிப் பட்டறைக்குச் செல்கிறவரும், கல்லூரிக்குச் செல்கிற பிள்ளையும், மனைவி மக்களோடு ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவரும் இரண்டு சக்கரங்களை நம்பியே புறப்படுகிறார்கள். அந்த வண்டி விழுந்து உடைகிற நாளில் குடும்பத்தின் பிழைப்பும் சற்றே நின்றுபோகிறது. அப்போது வீட்டில் எழுகிற கேள்வி இதுதான்: இதை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? யாரை நம்பி விடுவது?

வண்டிக்கு முன்பாக மனிதரைப் பார்க்க வேண்டும். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்ட சமாரியன், முதலாவது காயத்துக்கே மருந்திட்டான். பிறகு தன் சொந்த வாகனத்தில் ஏற்றி ஒரு சத்திரத்துக்குக் கொண்டுபோனான். சத்திரம் என்ற சொல்லைத் தன் பெயரிலேயே சுமக்கிற ஊர் நம்முடையது. வழிப்போக்கரைத் தாங்க வேண்டிய கடமையை அந்தப் பெயரே நமக்கு நாள்தோறும் நினைவுபடுத்துகிறது. விபத்தைக் கண்டவர் காவல்துறை விசாரணைக்கும் நீதிமன்ற அலைச்சலுக்கும் அஞ்சி விலகிப்போன காலம் ஒன்று இருந்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. தம் பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தலாகாது. அப்படிப்பட்டவரை நம் நாட்டுச் சட்டம் ‘நல்ல சமாரியன்’ என்றே அழைக்கிறது. நம் மாநிலத்தில் 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின்கீழ், சாலை விபத்தில் காயமுற்றவருக்கு, பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். ஆகவே, வண்டி ஓரமாகக் கிடக்கட்டும். மனிதர் முதலில் எழுந்திருக்கட்டும். வேறொருவருக்குக் காயம் நேர்ந்திருந்தால், காவல்துறையினர் பார்க்குமுன் வண்டியைப் பட்டறைக்கு எடுத்துச்செல்லவும் கூடாது.

மனிதர் நலமாயிருக்கிறார் என்று அறிந்தபின் வண்டிக்கு வருவோம். நம் பகுதியில் மூன்று வாசல்கள் திறந்திருக்கின்றன. முதலாவது, ஊரிலேயே இருக்கிற நமக்குத் தெரிந்த மெக்கானிக். அவருக்கு நம் வண்டியின் பழைய வரலாறு தெரியும். நம் கையிருப்பும் தெரியும். கூலி குறைவு. இரண்டாவது, நாமக்கல்லிலோ இராசிபுரத்திலோ சேலத்திலோ உள்ள கம்பெனி சர்வீஸ் சென்டர். அங்கே அசல் பாகங்கள் கிடைக்கும், அந்த வண்டிக்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருப்பார்கள், ரசீது தருவார்கள். காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்தால் நாம் முழுப் பணத்தையும் முன்னே கட்டாமல் வண்டியை எடுக்கவும் வழியுண்டு. மூன்றாவது, டிங்கரிங், வெல்டிங், பெயிண்டிங் செய்கிற பட்டறை. லாரிகளுக்குக் கூண்டு கட்டுவதில் பெயர்பெற்ற நாமக்கல் மாவட்டத்தில் இரும்பை வளைக்கவும் ஒட்டவும் தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. இம்மூன்றில் எதையும் நான் இகழ்ந்து சொல்லவில்லை. மூன்றிலும் நேர்மையாய் உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாசலைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காமல், உள்ளே சேதம் எப்படிப் பார்க்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

விழுந்த வண்டியில் நம் கண்ணுக்கு முதலில் படுவது உடைந்த ஹெட்லைட் டூமும் கீறல் விழுந்த டேங்கும் ஆகும். அவை மனத்தை வருத்துகிறவை, ஆனால் உயிரை எடுக்கிறவை அல்ல. முன்புறம் மோதிய வண்டியில் அடி நேராகச் சக்கரத்தின் வழியாக ஃபோர்க் குழாய்களுக்கும், அங்கிருந்து ஹேண்டில் பாரைத் தாங்குகிற கழுத்துக்கும், அதன் பின்னாலுள்ள சேசிஸுக்கும் போகிறது. குழாய் சிறிதளவு வளைந்திருந்தால் பார்வைக்குத் தெரியாது. அதைக் கழற்றிச் சமதளமான பலகையின்மேல் உருட்டிப் பார்த்தால்தான் தள்ளாட்டம் தெரியும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி ஹேண்டில் பாரை மெல்லத் திருப்பினால், கோன் செட் அடிபட்டிருக்கும் பட்சத்தில் நடுவே ஓரிடத்தில் சிக்கும். சக்கரத்தைச் சுழற்றினால் ரிம்மின் கோணலும் பிரேக் டிஸ்கின் கோணலும் புலப்படும். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை இருபுறமும் நூல் பிடித்தால் இரண்டும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று அறியலாம். கழுத்துப் பகுதியில் பெயிண்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால், அதன் அடியிலுள்ள இரும்பு அசைந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். இவற்றைப் பாராமல் டூமை மாற்றி, டேங்கிற்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தால், வண்டி புதிதுபோல் மின்னும். ஆனால் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அது ஒருபுறமாக இழுக்கும்போது, பின்னால் மனைவியும் பிள்ளையும் அமர்ந்திருப்பார்கள்.

தலைக்கவசமும் அப்படிப்பட்டதே. அதன் உட்புறத்திலுள்ள நுரை ஒரு பெரிய அடியை ஏற்று நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. நசுங்கிய நுரை மறுபடி முன்போல் எழும்புவதில்லை. வெளிஓடு முழுமையாகத் தெரிந்தாலும், விபத்தில் அடிவாங்கிய கவசத்தை மாற்றிவிடுங்கள்.

இங்கே லேவியராகமத்தின் பதினாலாம் அதிகாரத்தை வாசிக்கும்படி உங்களை வேண்டுகிறேன். வீட்டின் சுவரில் தோஷம் காணப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று கர்த்தர் அங்கே கட்டளையிடுகிறார். வீட்டுக்காரன் தானாகவே ஆசாரியனிடம் வந்து அறிவிக்க வேண்டும். ஆசாரியன் பார்க்க வருமுன் வீட்டிலுள்ள பொருள்களை வெளியேற்ற வேண்டும். பின்பு அவன் உள்ளே போய், அந்த அடையாளம் சுவரின் மேற்பரப்பைவிட ஆழமாய் இருக்கிறதா என்று பார்க்கிறான். உடனே தீர்ப்புச் சொல்லாமல் ஏழு நாள் வீட்டை அடைத்துவைத்துத் திரும்ப வந்து பார்க்கிறான். பரவியிருந்தால், கெட்ட கற்களைப் பெயர்த்து ஊருக்குப் புறம்பே போட்டு, உட்புறத்தைச் சுரண்டி, வேறு கற்களை வைத்துப் புதிதாய்ச் சாந்து பூச வேண்டும். அதற்குப் பின்னும் தோஷம் திரும்பினால் வீட்டையே இடித்துவிட வேண்டும். திரும்பவில்லையென்றால் வீடு சுத்தம் என்று தீர்க்கப்படும்.

இந்த ஒழுங்கைக் கவனித்தீர்களா? முதலில் அறிவித்தல், பிறகு வெறுமையாக்குதல், பிறகு பார்த்தல், பிறகு காத்திருத்தல், பிறகு கெட்டதை அகற்றுதல், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பூச்சு. நாமோ பூச்சிலிருந்து தொடங்க விரும்புகிறோம். மேலும், தீர்ப்புச் சொல்கிற ஆசாரியன் அந்த வீட்டின் கொத்தனும் அல்ல, உடைமையாளனும் அல்ல. சேதம் பெரிதென்று சொல்வதாலோ சிறிதென்று சொல்வதாலோ அவனுக்கு ஆதாயமில்லை.

நம் காலத்துக் காப்பீட்டு முறையிலும் இதற்கு ஒப்பான ஓர் ஒழுங்கு இருக்கிறது. விபத்து நடந்தவுடன் காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். வண்டியைப் பல கோணங்களில் படமெடுத்துவைக்க வேண்டும். சர்வேயர் பார்க்குமுன் ஒரு பாகத்தையும் மாற்றக் கூடாது. முதலில் வெளியே தெரிகிற சேதத்துக்கு எஸ்டிமேட் எழுதப்படும். கழற்றிய பின் உள்ளே வேறு சேதம் கண்டால் அதையும் அவருக்குக் காட்டி, கூடுதல் எஸ்டிமேட் பெற்று, அதன் பின்பே வேலையைத் தொடர வேண்டும்.

உங்களிடம் இருப்பது எந்தக் காப்பீடு என்பதையும் இன்றே எடுத்துப் பாருங்கள். 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்தாண்டுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. ஆனால் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு பெரும்பாலும் முதல் ஓராண்டுக்கு மட்டுமே இருக்கும். அதைப் புதுப்பிக்காதவர், காப்பீடு இருக்கிறது என்ற நம்பிக்கையிலேயே இருந்து, விழுந்த நாளில்தான் உண்மையை அறிகிறார். சொந்தச் சேதக் காப்பீடு இருந்தாலும் முழுத் தொகையும் வராது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதியே கிடைக்கும். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதுக்கேற்பக் கழிவு உண்டு: ஓராண்டுக்கு மேல் இரண்டாண்டு வரை 10 விழுக்காடு, மூன்றாண்டு வரை 15, நான்காண்டு வரை 25 என்று அது ஏறும். எடுத்துக்காட்டாக, இரண்டரை ஆண்டு ஓடிய வண்டிக்கு 8,000 ரூபாய்க்கு உலோகப் பாகமும் 3,000 ரூபாய்க்குப் பிளாஸ்டிக் பாகமும் தேவையானால், முறையே 6,800-உம் 1,500-உம் கணக்கில் வரும். அதிலிருந்து கட்டாயப் பிடித்தம் 100 ரூபாய் கழியும். தேய்மானக் கழிவில்லாத கூடுதல் காப்பீடு எடுத்தவர்களுக்கு இக்கணக்கு மாறும். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குக் கிடைக்கிற தள்ளுபடியும் ஒருமுறை கோரினால் போய்விடும். ஆகவே சிறு சேதத்துக்குக் கைப்பணத்தில் செலவிடுவதே சில வேளைகளில் இலாபம். பழுதுச் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால், அதைச் சீர்செய்யத் தகாத முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். அந்த வீட்டை இடிக்கச் சொன்ன கட்டளையைப் போன்றதே இதுவும். ஒட்டவைக்கத் தகாததை ஒட்டவைக்கலாகாது.

கட்டி முடிக்கப் பணம் உண்டா என்று முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும்படி கோபுரம் கட்டுகிறவனை உவமையாக வைத்து நம் ஆண்டவர் பேசினார் (லூக்கா 14:28-30). ஆகவே கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் ஆகாது. அந்தக் கணக்கு உண்மையின்மேல் நிற்கிறதா என்பதே நம்மைச் சோதிக்கிற இடம். அதைக் குறித்து ஒன்று சொல்ல வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரர் என்னைத் தேடிவந்தார். அவருடைய அனுமதியோடு, பெயரும் ஊரும் குறிப்பிடாமல் எழுதுகிறேன். “ஐயா, வண்டியை எங்கே விடட்டுங்க?” என்று கேட்டார். இரண்டாண்டு ஓடிய வண்டி. காப்பீடு முழுமையாக இருந்தது. எஸ்டிமேட் ஏறக்குறைய இருபதாயிரம். அவருடைய மாதச் சம்பளத்தை அது விழுங்கிவிடும். காப்பீடு இருக்கும்போது ஏன் தயங்குகிறீர்கள் என்று கேட்டேன். நெடுநேரம் மௌனமாயிருந்தார். பிறகுதான் சொன்னார்: வண்டியை ஓட்டியவர் அவர் அல்ல. இருபது வயதான மகன் ஓட்டியிருக்கிறான். குறுக்கே வந்த நாய்க்கு விலகி, சாலைத் தடுப்பில் மோதியிருக்கிறான். கர்த்தருடைய கிருபையால் சிராய்ப்போடு தப்பினான். ஆனால் அவன் இன்னும் ஓட்டுநர் உரிமம் எடுக்கவில்லை.

உரிமமில்லாதவர் ஓட்டிய வண்டிக்கு இழப்பீட்டை நிறுவனம் மறுக்கலாம். வண்டியைப் பார்த்த ஓரிடத்தில் அவருக்கு ஓர் ஆலோசனை சொல்லியிருக்கிறார்கள்: “நீங்க ஓட்டினதா எழுதிடுங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க.” கூடவே, முன்பே இருந்த பழைய கீறல்களையும் இந்த விபத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே எங்கே விடுவது என்ற அவருடைய கேள்விக்குள் வேறொரு கேள்வி ஒளிந்திருந்தது. தம் மகனுக்கு முன்பாக எந்தத் தாளில் கையெழுத்திடுவது என்பதே அது.

நான் அவருக்கு நீண்ட பிரசங்கம் செய்யவில்லை. “தம்பி, அந்தப் படிவத்தை உங்க பையனும் படிப்பானுங்க” என்று மட்டும் சொன்னேன். சேர்ந்து ஜெபித்தோம். இரண்டு நாள் கழித்து அவர் தொலைபேசியில் அழைத்து, இழப்பீடு கோரப்போவதில்லை என்றார். இருபதாயிரம் ரூபாய் அவருக்குச் சிறிய தொகையன்று என்பதை அறிந்திருந்த எனக்கு, சட்டென்று பதில் சொல்ல இயலவில்லை.

பிறகு அவர் தேர்ந்தெடுத்தது, வண்டியைக் கழற்றி அவர் கண்முன் வைத்துக் காட்ட ஒத்துக்கொண்ட ஒரு பட்டறையை. அந்த மெக்கானிக் மூன்று பிரிவாக எழுதிக் கொடுத்தார்: உடனே மாற்ற வேண்டியவை, சரிசெய்தால் போதுமானவை, இப்போதைக்கு விட்டுவைக்கக்கூடியவை. ஃபோர்க் குழாய்களும் கோன் செட்டும் ரிம்மும் முதல் பிரிவில் இருந்தன. அவற்றுக்கு அசல் பாகங்களை ரசீதோடு வாங்கினார். டூமும் டேங்கின் பெயிண்டும் கடைசிப் பிரிவுக்குப் போயின. ஏறத்தாழ மூன்று மாதம் அந்த வண்டி கீறிய டேங்கோடும் டேப் ஒட்டிய டூமோடும் ஆலய வாசலில் நின்றது. ஆனால் நேராக ஓடியது. மகன் உரிமம் பெறும்வரை பேருந்தில் சென்றான். விடுமுறையில் வேலைக்குப்போய்ச் சம்பாதித்ததில் ஒரு பங்கைத் தந்தையிடம் கொடுத்தான். கொடுக்கும்படி அவர் கேட்கவில்லை.

அன்பானவர்களே, வண்டியை ஒப்படைக்குமுன் பட்டறைக்காரரிடம் மரியாதையோடு கேளுங்கள். கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் தொகை சொல்வீர்களா? எதை மாற்றுவது, எதைச் சரிசெய்வது என்று பிரித்து எழுதித் தருவீர்களா? கழற்றிய பழைய பாகத்தைக் காட்டுவீர்களா? புதிய பாகத்துக்கு ரசீது உண்டா? வேலை முடிந்ததும் நான் ஓட்டிப் பார்க்கலாமா? இவற்றுக்கு முகஞ்சுளிக்காமல் ஆம் என்கிறவர், தகரக் கொட்டகையில் இருந்தாலும் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தாலும், நம்பத்தக்கவர். வெடித்த அலாய் வீலையும் முறிந்த சேசிஸையும் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்கிறவர் எவ்வளவு வேண்டியவரானாலும், அன்போடு விலகி வாருங்கள்.

இதே கேள்விகளை நம் ஆத்துமாவைக் குறித்தும் கேட்க வேண்டியிருக்கிறது. மணவாழ்வில் விரிசல், கடனில் வீழ்ச்சி, பிள்ளையோடு பேச்சற்ற மாதங்கள், மறைவான ஒரு பழக்கம் என்று நம்மில் எத்தனைபேர் மோதி நொறுங்கியிருக்கிறோம்! அதை எங்கே கொண்டுபோகிறோம்? ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று சொல்கிறவரிடமே மனம் ஓடுகிறது. ஜனத்தின் காயத்தை மேற்பூச்சாய்க் குணமாக்கிச் சமாதானம் சொன்னவர்களைக் குறித்து எரேமியா துக்கித்தான் (8:11). உறுதியற்ற சுவருக்குச் சாந்து பூசியவர்களைக் குறித்து எசேக்கியேல் எச்சரித்தான் (13:10-15). மழை வந்தபோது பூச்சு நிற்கவில்லை. சபையாகிய நாமும், போதகர்களாகிய நாங்களும் அப்படிப் பூச்சுப் பூசுகிற இடமாகிவிடாதபடி எங்களுக்காக ஜெபியுங்கள்.

நம் ஆண்டவரோ திறந்து பார்க்கிறவர். அவர் கண்டுபிடிக்கிற சேதம் நாம் எண்ணியதைவிட ஆழமாயிருக்கும். ஆனால் செலவைக் கண்டு அவர் நம்மைத் திருப்பி அனுப்புவதில்லை. சமாரியன் சத்திரத்துக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசைக் கொடுத்ததோடு நிறுத்தவில்லை. இன்னும் அதிகமாய்ச் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று வாக்களித்தான். கழற்றிப் பார்த்தபின் ஏறுகிற தொகையையும் அவன் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டான். சிலுவையில் நமக்காகச் செலுத்தப்பட்டதும் அவ்விதமானதே. நம் உள்ளே இன்னும் திறக்கப்படாமல் இருக்கிறவற்றுக்கும் அங்கே விலை கொடுக்கப்பட்டாயிற்று. ஆகையால் மறைக்க வேண்டியதில்லை.

இந்த வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். வண்டியின் காப்பீட்டுத் தாளை எடுத்துத் தேதியைப் பாருங்கள். வீட்டில் சாவி யார் கைக்கு எட்டும்படி தொங்குகிறது என்றும் பாருங்கள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, உங்களுக்குள் பெயிண்ட் அடித்து மறைத்துவைத்திருக்கிற அந்த ஒன்றைக் கர்த்தருக்கு முன்பாகப் பெயர் சொல்லித் திறந்து வையுங்கள்.

ஜெபம்: எங்களை ஆராய்ந்து அறிகிற பரம தகப்பனே, எங்கள் சாலைகளில் எங்களைக் காத்துவருகிற உமது இரக்கத்துக்காக ஸ்தோத்திரம். விபத்தில் காயப்பட்டிருக்கிறவர்களையும், அன்பானவர்களை இழந்து தவிக்கிற குடும்பங்களையும் தேற்றும். பட்டறைகளில் கரிபடிந்த கைகளோடு உழைக்கிற சகோதரர்களை ஆசீர்வதியும். நஷ்டம் வந்தாலும் உண்மையை எழுதுகிற தைரியத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் உடைவுகளை உம்மிடத்தில் திறந்து வைக்கிறோம். மாற்ற வேண்டியதை மாற்றும், சீர்ப்படுத்த வேண்டியதைச் சீர்ப்படுத்தும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.